மென்னடைப் புரவியும் மலைநாட்டுப் பாதையும்

குதிரைக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. புரவி, பரி, இவுளி, கலிமா, பாய்மா என நிகண்டுகள் அவற்றை அடுக்கிக் கூறும். இவற்றுள் 'பரி' என்னும் சொல் சிறப்பாக நோக்கற்பாலது. செலவு, விரைவு, குதிரையின் நடை, குதிரை என்னும் நான்கு பொருளும் அவ்வொரு சொல்லுக்கு உண்டு. நடையின் பெயரே நடக்கும் விலங்கின் பெயராகவும் நின்றது. குதிரையின் அழகு நிறத்திலும் உயரத்திலும் மட்டும் அமைந்ததன்று; அது நிலத்தில் அடிவைக்கும் முறையிலேயே பெரிதும் அமைந்தது என்பதைப் பண்டைத் தமிழர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இச்சொல்லே சான்றாகும்.

உலகிற் காணப்படும் குதிரையினங்களுள் சில, ஏறியிருப்போரின் உடலைக் குலுக்காமல் விரைந்து செல்லும் ஆற்றல் பெற்றவை. அவற்றை மென்னடைப் புரவிகள் எனலாம். இந்தியாவில் மார்வார் நாட்டுக் குதிரையும், ஐசுலாந்தின் சிறு குதிரையும், அமெரிக்காவின் தெனிசி நடைக்குதிரையும் இவ்வகையின. இவை எவ்வாறு தோன்றின, எதற்காகப் பேணப்பட்டன என ஆராயுங்கால், மலைநாட்டு வரலாற்றைச் சார்ந்த ஒரு வினாவும் உடன் எழுகின்றது. நுவரெலியா, அட்டன் முதலிய பகுதிகளில் கோப்பித் தோட்டக் காலந்தொட்டு மோட்டார் வண்டி வரும்வரை, ஏறக்குறைய நூறாண்டுக் காலம், குதிரையே துரைமாரின் ஊர்தியாக விளங்கியது. அவ்வாறிருந்தும் மலைநாட்டுக் குதிரை என ஓர் இனம் தோன்றவில்லை. அதற்குக் காரணம் யாது? மென்னடைப் புரவிகளின் வரலாறே அவ்வினாவிற்கு விடை தருகின்றது.

நடையின் இலக்கணம்

குதிரையின் கதிகள் ஐந்து எனத் தமிழ் அகராதிகள் கூறும். மல்லகதி, மயூரகதி, வியாக்கிரகதி, வானரகதி, இடபகதி என்பன அவை. மற்போர் வீரன், மயில், புலி, குரங்கு, எருது ஆகியவற்றின் அசைவை உவமையாகக் கொண்டு, கண்ணுக்குப் புலப்படும் தோற்றத்தால் செய்யப்பட்ட பகுப்பு இதுவாகும். இக்கால ஆராய்ச்சியாளரோ குளம்புகள் நிலத்திற் படும் ஒழுங்கைக் கொண்டு நடைகளைப் பகுப்பர்.

சாதாரண நடையில் நான்கு குளம்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக நிலத்திற் படும். செவிக்கு நான்கு ஒலிகள் கேட்கும். குதிரை சிறிது விரைந்தால் துள்ளோட்டம் தொடங்கும். அப்போது முன்வலக் காலும் பின்னிடக் காலும் ஒருங்கே படும்; அடுத்து முன்னிடக் காலும் பின்வலக் காலும் ஒருங்கே படும். இவ்விரு வீழ்ச்சிகளுக்குமிடையே நான்கு கால்களும் நிலத்தை விட்டெழும் ஒரு கணம் உண்டு. அக்கணத்திலேதான் குதிரையின் முதுகு ஏறியிருப்பவனை மேலே எறிகின்றது. அங்கவடியில் எழுந்தும் அமர்ந்தும் செல்லும் ஆங்கிலேயர் பழக்கம் அக்குலுக்கலிலிருந்து தப்புதற்குக் கண்ட உபாயமேயாகும். பக்கநடை என்பது ஒரு பக்கத்து முன்காலும் பின்காலும் ஒருங்கே செல்வது. பாய்ச்சல் யாவரும் அறிந்தது. அது நெடுநேரம் நீடிக்கக் கூடியதன்று.

மென்னடை இவற்றின் வேறானது. துள்ளோட்டத்தின் வேகம் இதில் உண்டு. ஆயினும் சாதாரண நடையைப் போல நான்கு குளம்புகளும் தனித்தனியே படும். எக்கணத்திலும் ஒரு காலாவது நிலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். உடலின் பாரம் ஒரு காலினின்று மற்றொரு காலுக்கு ஒழுகுவதுபோல் மாறுவதால், முதுகு மேலுங் கீழுமாக எழுந்து விழுவதில்லை. ஐசுலாந்து மக்கள் விழாக்களில் நிறைந்த கிண்ணத்தை ஒரு கையில் ஏந்தி, அதிலுள்ள பானம் சிந்தாமல் குதிரையை விரைந்து செலுத்திக் காட்டுவர். காலை முதல் மாலை வரை சேணத்தில் அமர்ந்திருக்க வேண்டியவனுக்கு இது வெறும் இன்பப் பொருளன்று. முதுகெலும்பையும் உழைப்புநாளையும் காக்கும் கருவியாகும்.

தோற்றம் பற்றிய ஆராய்ச்சி

மென்னடைக் குதிரைகளைப் பற்றிய எழுத்துச் சான்று பழமையானது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம அறிஞர் பிளினி, ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் ஒரு பக்கத்துக் கால்களை மாறிமாறி நீட்டி மெல்லென நடக்கும் குதிரைகள் இருந்தன எனத் தம் இயற்கை வரலாற்று நூலிற் குறித்துள்ளார். இடைக்கால ஐரோப்பாவில் பெருமக்களும் துறவியரும் பெண்டிரும் நெடும்பயணத்துக்கு இத்தகைய குதிரைகளையே விரும்பினர்.

2012ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிவியலாளர் இப்பொருளில் ஒரு புதிய உண்மையை வெளியிட்டனர். ஐசுலாந்துக் குதிரைகளை ஆராய்ந்த அவர்கள், குதிரையின் மரபணுக்களுள் ஒன்றில் ஏற்பட்ட ஒரேயொரு மாற்றம் இந்நடைக்கு ஏதுவாகின்றது எனக் கண்டனர். அம்மரபணு முதுகுத்தண்டிலுள்ள நரம்புகளின் அமைப்போடு தொடர்புடையது. வலக்காலும் இடக்காலும் எவ்வொழுங்கில் இயங்க வேண்டும் என்பதை அந்நரம்புகளே வகுக்கின்றன. பின்னர் உலகெங்குமுள்ள நூற்றுக்கு மேற்பட்ட இனங்களை ஆராய்ந்தபோது, தொலைவான நாடுகளிலுள்ள பல மென்னடைக் குதிரைகளிலும் அதே மாற்றம் காணப்பட்டது.

2016ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி இதன் காலத்தையும் இடத்தையும் தேடிற்று. பழங்குதிரைகளின் எலும்புகளிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து நோக்கியவிடத்து, இங்கிலாந்தின் யோர்க் நகரில் கிடைத்த, கி.பி. 850க்கும் 900க்கும் இடைப்பட்ட காலத்தனவான எலும்புகளில் அம்மாற்றம் முதன்முதலாகத் தென்பட்டது. ஒன்பதாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரையிலான ஐசுலாந்துக் குதிரைகள் பதின்மூன்றில் பத்து அதனைப் பெற்றிருந்தன. எனவே இங்கிலாந்திலிருந்து வைக்கிங் எனப்படும் வடகடல் மக்கள் இக்குதிரைகளை ஐசுலாந்துக்குக் கொண்டு சென்றிருத்தல் வேண்டும் என அவ்வாராய்ச்சியாளர் கருதினர்.

பிளினியின் கூற்றுக்கும் யோர்க் எலும்புகளுக்கும் எண்ணூறு ஆண்டுகள் இடைவெளி உண்டு. இதனைக் கொண்டு ஒன்று மெய், மற்றது பொய் எனத் துணிதல் பொருந்தாது. பிறேசில் நாட்டு மங்கலார்கா இனத்தின் ஒருவகை மென்னடைக்கு அம்மரபணு மாற்றம் தேவைப்படுவதில்லை என்பது பின்னர் அறியப்பட்டது. எனவே இயற்கை ஒரே வழியிலன்றிப் பல வழிகளிலும் இந்நடையை அளித்துள்ளது என்றே கொள்ளவேண்டும். இயற்கை தந்ததைக் கண்டு, அந்நடையுடைய ஆண்குதிரையையும் பெண்குதிரையையும் தேர்ந்து இணைத்துத் தலைமுறை தலைமுறையாக நிலைபெறச் செய்தது மனிதனின் தேவையாகும்.

அத்தேவை நீங்கியவிடத்து நடையும் நீங்கிற்று. ஐரோப்பாவில் சாலைகள் சீர்பெற்று, சக்கர வண்டிகள் பெருகியபோது, வண்டியிழுக்கும் துள்ளோட்டக் குதிரைக்கே மதிப்பு உண்டாயிற்று. பந்தயக் குதிரை வளர்ப்பும் அதனோடு சேர்ந்தது. மென்னடைக் குதிரைகள் அவை பிறந்த இங்கிலாந்திலேயே மறைந்தன. சாலைகள் செல்லாத ஓரங்களில் மட்டும் அவை எஞ்சின. பிற குதிரைகளை உள்ளே விடாது தன் இனத்தைக் காத்துவரும் ஐசுலாந்து அத்தகைய ஓரங்களுள் ஒன்றாகும்.

மார்வார் தந்த புரவி

இந்தியாவின் மேற்குப் பாலைநிலமும் அத்தகையதோர் இடமே. இராசத்தானத்தின் மார்வார் பகுதியை ஆண்ட இராத்தோர் குலத்து இராசபுத்திரர், நாட்டுக் குதிரைகளோடு அராபியக் குதிரைகளைச் சேர்த்து வளர்த்த இனமே மார்வாரி எனப்படும். குசராத்தின் கத்தியவார் குதிரை இதற்கு நெருங்கிய உறவுடையது. மேற்குக் கரைக் குதிரைகளின் தோற்றம் பற்றிப் பதினாறாம் நூற்றாண்டில் அபுல் பசல் தமது அயினி அக்பரி என்னும் நூலில் ஒரு கதையைக் குறித்துள்ளார். முற்காலத்தில் அராபியக் கப்பலொன்று கச்சுக் கரையில் உடைந்தது என்றும், அதிலிருந்த ஏழு உயர்ந்த குதிரைகளிலிருந்தே அந்நாட்டுக் குதிரையினம் பெருகிற்று என்றும் மக்கள் நம்பினர் என்பது அக்கதை. கடலையும் அரேபியாவையும் இந்தியக் குதிரையோடு இணைத்துப் பார்க்கும் நினைவு அதில் அடங்கியுள்ளது.

மார்வாரிக் குதிரையை ஒருமுறை கண்டவர் அதன் காதுகளை மறவார். அவை உள்நோக்கி வளைந்து, நுனிகள் ஒன்றையொன்று தொடுமளவுக்கு நெருங்கி நிற்கும். கால்கள் நீண்டவை, தோல் மெல்லியது, உரோமம் பட்டுப்போன்றது. குளம்புகள் கடினமானவை, இலாடமின்றியே நெடுந்தூரம் செல்ல வல்லவை. தோளின் அமைப்பு ஆழ்ந்த மணலிலிருந்து காலை எளிதில் எடுக்க உதவுகின்றது என வளர்ப்போர் கூறுவர். இக்குதிரைகளுட் பல இயல்பாகவே ஒருவகை மென்னடையைப் பெற்றுள்ளன. அதனை அந்நாட்டார் 'ரெவால்' என்பர். மணற்பரப்பில் ஒரு கோட்டையிலிருந்து மற்றொரு கோட்டைக்குச் செல்லும் வீரன், தன் வலிமையைப் பயணத்திற் செலவிடாது போருக்கெனச் சேமித்து வைத்தற்கு அந்நடை உதவிற்று.

1576ஆம் ஆண்டில் ஹல்திகாட்டிப் போரில் மேவார் மன்னன் மகாராணா பிரதாபசிங்கனைச் சுமந்து சென்று, காயமுற்ற நிலையிலும் தன் தலைவனைக் காத்து உயிர்நீத்த குதிரையின் பெயர் சேதக் என இராசபுத்திர மரபு போற்றும். அதனைத் தம் இனத்ததெனக் கொள்வதில் மார்வாரியையும் கத்தியவாரியையும் வளர்ப்போர் போட்டியிடுவர். கதையின் ஒவ்வொரு கூறும் வரலாறாகாவிடினும், குதிரையைக் குடும்பத்தின் உறுப்பாகவே மதித்த ஒரு சமுதாயத்தை அது காட்டுகின்றது. பாலை என்னும் நிலமும், போரும் நெடும்பயணமும் என்னும் தேவையும், பல நூற்றாண்டு என்னும் காலமும் ஒன்றுகூடியே இவ்வினத்தை ஆக்கின.

தோட்டத்துக்கென வளர்க்கப்பட்ட குதிரை

மென்னடைக் குதிரையை விரும்பியோர் வீரர் மட்டுமல்லர். பெருந்தோட்ட உடைமையாளரும் மேற்பார்வையாளரும் அதனை விரும்பினர். மலைநாட்டு வரலாறு அறிந்தோர் இப்பகுதியைச் சிறப்பாகக் கருதவேண்டும்.

வட அமெரிக்காவின் ரோட் ஐலண்டு பகுதியில் பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் நரகன்செற்று என்னும் ஒருவகை மென்னடைக் குதிரை வளர்க்கப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டத்தார் அதனை நாடினர். வளர்ப்போர் விலையை நோக்கிக் கப்பல் கப்பலாக அனுப்பினர். இனப்பெருக்கத்துக்கெனப் போதிய குதிரைகளைத் தம்மிடம் வைத்துக்கொண்டாரிலர். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன் அவ்வினம் பூண்டற்றுப் போயிற்று. அதன் குருதியை ஓரளவு பெற்ற தெனிசி நடைக்குதிரை, அமெரிக்கத் தென்மாநிலங்களின் பெருந்தோட்டங்களில் உருவாயிற்று. நிலத்தைச் சுற்றிவரும் முதலாளி நாள் முழுதும் களைப்பின்றி அமர்ந்திருத்தற்கு அதன் நீண்ட அடியும் தலையசைவோடு கூடிய ஓட்டநடையும் பொருத்தமாயிருந்தன. 1886இல் பிறந்த ஆலன் என்னும் கருங்குதிரை அவ்வினத்தின் மூலத்தந்தையாகப் போற்றப்படுகின்றது. 1935இல் அதற்கெனச் சங்கமும் மரபேடும் அமைக்கப்பட்டன. தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் பாசோக் குதிரையும் கரும்பு, பருத்திப் பண்ணைகளின் மேற்பார்வைக்குப் பயன்பட்டது.

இவ்விடங்களில் வயலில் உழைத்தோருட் பலர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்களாவர். குதிரையின் மேல் இருந்தவனுக்கு உடல் நோகாதிருக்க ஓரினமே உருவாக்கப்பட்டது. நிலத்தில் நின்றவனின் உடல் நோவு எந்த மரபேட்டிலும் எழுதப்படவில்லை. மென்னடையின் வரலாறு யாருடைய வசதிக்காக எழுந்தது என்பதை மறந்து அதன் அழகை மட்டும் பேசுதல் வரலாறாகாது.

மலைநாட்டில் குதிரை

1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமானபின் மலைகளில் வீதிகள் வெட்டப்பட்டன. தேசாதிபதி சேர் எட்வேட் பாண்சு காலத்தில் அப்பணி விரைவுற்றது. 1832ஆம் ஆண்டில் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கிற்று. ஆயினும் கண்டிக்கு அப்பால், கோப்பித் தோட்டங்களை நோக்கிச் சென்றவை பெரும்பாலும் ஒரு குதிரை செல்லத்தக்க ஒடுங்கிய பாதைகளே. காட்டைக் கடந்தும் ஓடைகளைத் தாண்டியும் சரிவுகளைச் சுற்றியும் அவை சென்றன. அத்தகைய பாதையில் நாள்தோறும் பல மைல் சென்றுவரவேண்டிய துரைமாருக்கு மென்னடைக் குதிரையின் தேவை அமெரிக்கத் தோட்டக்காரருக்கிருந்ததிற் குறைந்ததன்று.

அப்பாதைகளின் இடரைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். 1848ஆம் ஆண்டளவில் சாமுவேல் பேக்கர் என்பவர் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் குடியேற்றத்தை அமைக்க எண்ணி, ஆட்களையும் கால்நடைகளையும் கப்பலிற் கொண்டுவந்தார். மலையேறும் வழியில் அவருடைய குதிரைக்காரரான ஆங்கிலேயர் செலுத்திய வண்டியும் குதிரைகளும் பள்ளத்தில் உருண்டன. அதனை மீட்கச் சென்றபோது அவரே ஒரு யானையையும் மிதமிஞ்சி விரட்டி உயிரிழக்கச் செய்தார். 1855இல் வெளியிட்ட தமது நூலில் பேக்கர் இதனை நகைச்சுவையாகவே எழுதினார். விலங்குகளுக்கு அது நகைப்பாக இருந்திராது.

மலைநாட்டுக் குதிரைகள் அரேபியா, இந்தியா, பர்மா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்து கப்பலேறி வந்தவை. அவற்றைப் பேணியோர் குதிரைக்காரர் எனப்பட்ட தொழிலாளர். புல்லறுத்தல், கொள்ளு வேகவைத்தல், உடல் தேய்த்தல், லாயத்தைத் துப்புரவாக்கல் யாவும் அவர் கடன். துரை குதிரையேறிச் செல்லும்போது குதிரைக்காரர் பின்னே கால்நடையாக ஓடிவருதலும், துரை இறங்கியதும் கடிவாளத்தைப் பிடித்து நிற்றலும் வழக்கமாக இருந்தன. தமிழகத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தவர்கள். அவ்வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். ஐந்து கதிகளை வகுத்த அகராதி அந்நடைக்குப் பெயர் தரவில்லை. தொழிலாளர் குடியிருப்பைக் குறிக்கும் 'லயம்' என்னும் சொல்லும், குதிரை கட்டும் 'லாயம்' என்னும் சொல்லும் ஒலியால் நெருங்கியவை. முன்னையது வரிசை எனப் பொருள்படும் 'லயின்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு, பின்னையது வேறு. பிறப்பால் வேறான அவ்விரு சொற்களையும் மலைநாட்டு மக்களின் நாவு அருகருகே கொண்டுவந்து வைத்தமை கருதத்தக்கது.

இனி, மலைநாட்டில் குதிரையினம் தோன்றாமைக்குரிய காரணங்களை நோக்கலாம்.

முதலாவது, நிலம். தென்னிந்தியாவும் இலங்கையும் பண்டுதொட்டுக் குதிரையை வெளியிலிருந்தே பெற்றன. கடல்வழியாகக் குதிரைகள் காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை குறிக்கின்றது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தைக் கைப்பற்றி 22 ஆண்டுகள் ஆண்ட சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரும் குதிரை வணிகன் ஒருவனின் மைந்தர் என மகாவம்சம் கூறும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டியர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினர் என்றும், காலநிலையாலும் பேணும் முறை அறியாமையாலும் அவை விரைவில் மாண்டன என்றும், நல்ல குதிரைகளை இணைத்தபோதும் அங்குப் பிறந்த குட்டிகள் கால் கோணியனவாய் ஏறுதற்கு உதவாதிருந்தன என்றும் எழுதியுள்ளார். வாதவூரர் குதிரை வாங்கத் திருப்பெருந்துறை சென்றதாகவும், நரிகள் பரிகளாகிப் பின் மீண்டும் நரிகளானதாகவும் வரும் திருவிளையாடற் கதையிலும், கருவூலத்தை வெறுமையாக்கிய அவ்வணிகத்தின் நிழலைக் காணலாம். இலங்கையிற் குதிரை தானே பெருகி நிலைத்த இடமாகச் சிறப்பித்துக் கூறத்தக்கது நெடுந்தீவாகும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் வறண்ட அத்தீவின் புல்வெளியில் இன்றும் திரிகின்றன. மழையும் குளிரும் அட்டையும் நிறைந்த மலைச்சரிவில் அத்தகைய மேய்ச்சல் நிலம் அரிது. இருந்த நிலமெல்லாம் முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் சென்றது.

இரண்டாவது, காலம். மார்வாரி இனத்துக்குப் பல நூற்றாண்டுகள் கிடைத்தன. மலைநாட்டுக்கோ அது கிடைக்கவில்லை. 1867இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் அட்டனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி வந்தது. 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்து, துரைமார் பலர் பொருளிழந்து நீங்கினர். ஓரினத்தை உருவாக்கத் தந்தையும் மகனும் பேரனும் ஒரே நிலத்தில் நிலைத்திருத்தல் வேண்டும். சில ஆண்டு பணிசெய்து தாய்நாடு திரும்பும் எண்ணத்தோடு வந்தவர் குதிரையை வாங்கினர், பின்னர் விற்றனர். தலைமுறை நோக்கி வளர்த்தாரிலர்.

மூன்றாவது, விருப்பம். ஆங்கிலேயர் குதிரையிடத்து விரும்பியது பாய்ச்சலின் வேகத்தையே. 1875ஆம் ஆண்டில் நுவரெலியாவில் குதிரைப் பந்தயத் திடல் அமைந்தது. சித்திரை மாதப் பந்தயம் அந்நகரின் திருவிழாப் போலாயிற்று. பந்தயத்துக்கு மென்னடை வேண்டுவதில்லை. பாதைக்குத் தேவையாயிருந்த குணமும், விழாவிற் பாராட்டப்பட்ட குணமும் வேறு வேறாயின. எனவே நிலம், காலம், விருப்பம் ஆகிய மூன்றும் ஒத்துழையாதவிடத்துத் தேவை ஒன்று மட்டும் ஓர் இனத்தைத் தோற்றுவியாது என்பது மலைநாட்டு வரலாற்றால் தெளிவாகின்றது.

அழிவும் காப்பும்

பல நூற்றாண்டு முயன்று ஆக்கிய இனத்தைச் சில ஆண்டுகளில் அழித்துவிடலாம் என்பதற்கு மார்வாரியே சான்று. ஆங்கிலேய ஆட்சியில் அதன் வளைந்த காதுகள் நகைப்புக்கிடமாயின. வெளிநாட்டுக் குதிரைகள் சிறப்பெய்தின. 1930களில் இனமே நலிந்திருந்த நிலையில், யோத்பூர் மகாராசா உமேத்சிங்கு சிறந்த குதிரைகளைத் தேடிச் சேர்த்துக் காத்தார். விடுதலைக்குப்பின் 1952இல் இராசத்தானத்தில் ஜாகீர் நிலமுறை ஒழிக்கப்பட்டது. உழுதவருக்கு அது நீதி. ஆயினும் பழங்குடும்பங்களின் லாயங்கள் வெறுமையுற்றன. குதிரைகள் பல விற்கப்பட்டன, காயடிக்கப்பட்டன, கொல்லவும்பட்டன. உமேத்சிங்கின் பேரர் இரண்டாம் கச்சிங்கும் வேறு ஆர்வலரும் எஞ்சியவற்றைப் பேணினர். 1999இல் இந்திய நாட்டுக் குதிரைகளுக்கெனச் சங்கம் தோன்றிற்று. அரசரின் உடைமையாயிருந்த குதிரை, நாட்டின் மரபுச் செல்வமாக மதிக்கப்படலாயிற்று.

காப்பு என்பது எண்ணிக்கையைப் பெருக்குதல் மட்டுமன்று. தெனிசிக் குதிரை எண்ணிக்கையிற் குறையவில்லை. ஆயினும் காட்சிப் போட்டிகளில் அதன் கால்களை மிகையாக உயர்த்திக் காட்டுதற்காகக் கணைக்காலில் எரிமருந்து பூசிப் புண்படுத்தும் கொடுமை பரவிற்று. அதனைத் தடுக்க அமெரிக்க அரசு 1970இல் குதிரைப் பாதுகாப்புச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. நோகாமற் செல்லுதற்கென வளர்க்கப்பட்ட விலங்கு, நோவினாலேயே நடக்கவைக்கப்பட்டது. மனிதன் தேவையை விட்டுப் புகழை நாடும்போது அழகிய குணமும் விலங்குக்குத் துன்பமாக முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இலங்கையிலும் இவ்வினா எழாமலில்லை. 2015இல் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக்கப்பட்டது. ஆயினும் கோடையில் நீர் வற்றும்போது அங்குள்ள குதிரைகள் மனிதரின் உதவியையே எதிர்நோக்குகின்றன. நுவரெலியாவில் கிரகரி ஏரிக்கரையிலும் பந்தயத் திடலின் அருகிலும் சிறு குதிரைகள் சுற்றுலாப் பயணிகளின் பிள்ளைகளை ஏற்றிச் செல்கின்றன. அவற்றின் கடிவாளத்தைப் பிடித்து நடப்போர், குதிரையோடு தம் வாழ்வையும் நடத்திச் செல்லும் எளிய மக்கள். பயன் முடிந்த குதிரைகள் கேட்பாரற்று நகர வீதிகளில் அலைவதும் உண்டு. அவை கப்பலேறி வந்த குதிரைகளின் வரலாற்றில் எஞ்சிய இறுதிப் பக்கமாகும்.

மென்னடைப் புரவி மனிதனின் நீண்ட பாதையிற் பிறந்தது. பாதை குறுகிய நாளில் அதனை மறந்தவர் பலர். நினைத்துக் காத்தவர் சிலர். மலைநாடு தனக்கென ஓர் இனத்தை ஆக்கவில்லை, அது குறையன்று. வந்த குதிரையையும், அதன் பின்னே ஓடிவந்த மனிதரையும் நினைவில் வைத்தல் மலைநாட்டுக்கு உரிய கடனாகும். பழைய தோட்டப் பாதைகளிற் குளம்பொலி அடங்கிவிட்டது; அப்பாதைகளை வெட்டியவரும் அவற்றில் நடந்தவரும் யார் என எழுதி வைக்கும் பணி, இன்று கற்கும் மாணவர் கையிலுள்ளது.